ஒத்துக்காது

கிரேன் ஏணியில் மேலே ஏறப் பதினோரு நிமிடம், கீழே இறங்க எட்டு. அவள் வயிறு கொடுக்கும் அவகாசமோ மூன்று நிமிடம். அதற்கு மனசு இளகிய நாளில் நான்கு. இந்தக் கணக்கை எப்படித் திருப்பிப் போட்டாலும் உதைத்தது. அதனால் அவள் சாப்பிடுவதைக் குறைத்துக்கொண்டே வந்தாள்.

வேலை முடிந்து இறங்கிய பிறகு, சாயங்காலம், குழைய வடித்த சோறு கொஞ்சம், தோல் உரித்து வேகவைத்த உருளைக்கிழங்கு ஒன்று. அதற்கப்புறம் மறுநாள் சாயங்காலம்வரை நாலைந்து மடக்குத் தண்ணீர்தான். அதையும் வாயை நனைக்கிற அளவுக்குத்தான் விழுங்குவாள்.

நாற்பத்தெட்டு மீட்டர் உயரத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் உட்கார்ந்துகொண்டு, பக்கத்தில் எழும்பிக்கொண்டிருந்த பதினான்கு மாடிக் கட்டடத்துக்கு வேண்டிய இரும்பையும் கான்கிரீட்டையும் தூக்கிக் கொடுப்பது அவள் வேலை. அங்கே டவர் கிரேன் ஓட்டிய ஒரே பெண் அவள்தான். கீழே இருந்தவர்கள் அவளுக்கு வைத்த பெயர் மாடிவீட்டம்மா. கம்பிக்கட்டு கொஞ்சம் அழுத்தமாக இறங்கிவிட்டால், "மாடிவீட்டம்மாவுக்கு இன்னைக்கு வீட்டுல சண்டை போல" என்பார்கள். அவளுக்கும் அந்தப் பெயர் பிடித்துத்தான் இருந்தது. மாடிவீட்டில் காற்று உண்டு, வெளிச்சம் உண்டு, ஊரையே பார்க்கலாம். கழிப்பறை மட்டும் கிடையாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் ரத்தம் பார்த்தாள். மூலமாக இருக்கும் என்று ஒரு மாதம் தள்ளிப்போட்டாள். ஒரு நாளைக்கு எட்டுத் தடவை, பத்துத் தடவை என்று ஆனபிறகு கணவன் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். குழாய் விட்டுப் பார்த்தார்கள். பெருங்குடலின் உள்சுவர் வீங்கிப் புண்ணாகிக் கிடக்கிறது, உடம்பின் காவல்காரனே வீட்டு ஆளைத் திருடன் என்று நினைத்து அடிக்கிற மாதிரியான நோய், முழுசாகப் போகாது, மாத்திரையால் அடக்கி வைக்கலாம் என்றார் டாக்டர்.

"என்ன சாப்பிடணும் டாக்டர்?" என்று கேட்டாள்.

வெளியே இருபது பேர் காத்திருந்தார்கள். டாக்டர் கணினித் திரையைப் பார்த்தபடியே, "உங்களுக்கு எது ஒத்துக்கலையோ, அதை விட்டுருங்க" என்றார்.

ஒரே ஒரு வாக்கியம். அதைப் பிடித்துக்கொண்டாள்.

கிரேனில் தினமும் எழுதுவதற்கு ஒரு நோட்டு உண்டு. எத்தனை மணிக்கு, என்ன பாரம், எவ்வளவு எடை, காற்று எவ்வளவு என்று கட்டம் கட்டி அச்சடித்திருக்கும். அப்படி ஒரு புது நோட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பாரம் என்ற கட்டத்தில் சாப்பிட்டதை எழுதினாள். எடை என்ற இடத்தில் எவ்வளவு என்று. காற்று என்ற இடத்தில் வயிறு என்ன செய்தது என்று. கணவன் அதைப் பார்த்துவிட்டு, "காத்துக்குச் சரியான கட்டம்தான்" என்று சொன்னபோது அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

முதலில் பால் போயிற்று. அப்புறம் மிளகாய், பீன்ஸ், பச்சைக் காய்கறி. நாத்தனார் போனில், "கோதுமைதான் எமன். எங்க ஆபீஸ்ல ஒருத்தி கோதுமையை விட்டா, இப்போ மலை ஏறுறா" என்றாள். கோதுமை போயிற்று, ரொட்டியும் அதோடு போயிற்று. அந்த வாரம் வயிறு அமைதியாக இருந்தது. அப்படியானால் மாத்திரை எதற்கு என்று தோன்றியது. காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று இருந்ததைக் காலையில் மட்டும் என்று ஆக்கிக்கொண்டாள். யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த மாதம் வயிறு மறுபடி முரண்டு பிடித்தது. அன்று காலை சாப்பிட்டது முட்டை. முட்டை போயிற்று. அதற்கடுத்த முறை வாழைப்பழம். அப்புறம் வெங்காயம், மீன், கோழி. சாப்பிட்ட அன்று வலித்தால் அன்றைய சாப்பாடு குற்றவாளி. மறுநாள் வலித்தால் நேற்றைய சாப்பாடு. விசாரணையே கிடையாது, நேராகத் தண்டனைதான்.

கணவன் ஒரு கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன். அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவான். அவள் கையில் வளையல் முழங்கைவரை ஏறுவதையும் அவன் கண்டுபிடித்தான். "இளைச்சுக்கிட்டே போறியே" என்பான். "வலி இல்லாம இருக்கேன்ல" என்பாள் அவள். அது பொய். வலியும் இருந்தது. ஆனால் நோட்டில் இன்னும் வெட்டுவதற்குச் சாமான் இருந்தவரை, அடுத்ததை வெட்டினால் சரியாகிவிடும் என்ற நப்பாசையும் இருந்தது.

மூன்றாவது வருஷம் மழைக்காலம் முடிந்த கையோடு, ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் பள்ளிக்கூடத்திலிருந்து அவளுக்கு மூன்று தடவை போன் வந்திருந்தது. மேலே கேபினில் அவள் எடுக்க முடியாது. கீழே இறங்கி, வழக்கம்போல நேராகக் கழிப்பறைக்கு ஓடி, வெளியே வந்து கூப்பிட்டாள். மகளின் வகுப்பு டீச்சர் எடுத்தார்.

"உங்க பொண்ணுக்கு ஏதாவது உடம்பு சரியில்லையா? ரெண்டு வாரமா மதியச் சாப்பாட்டைத் தொடறதே இல்ல. கேட்டா, ‘எனக்கு ஒத்துக்காது மிஸ்’னு சொல்றா. எதுன்னு கேட்டா ஒரு பெரிய லிஸ்ட்டே ஒப்பிக்கிறா."

பேருந்தில் அவளுக்கு உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். கால் தரையில் பாவவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததும் மகளின் புத்தகப் பையைத் தலைகீழாகக் கொட்டினாள். கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுக் கட்டம் கட்டியிருந்தது. எட்டு வயசுக் கையெழுத்து.

பீன்ஸ் – வயிறு சத்தம் போட்டது.
முட்டை – கெட்ட கனவு.
பால் – ஏப்பம் 2.
சப்பாத்தி – தெரியல, ஆனா வேண்டாம்.

"என்னடி இது?"

மகள் சுவரோரம் நகர்ந்தாள். "நீ மட்டும் எழுதலாம், நான் எழுதக்கூடாதா?"

"எனக்கு வியாதிடி! உனக்கு என்ன கேடு?"

"எனக்கும் வந்துடும்ல. அத்தை போன்ல சொன்னாங்க, அம்மாவுக்கு இருந்தா பொண்ணுக்கும் வரும்னு. வர்றதுக்கு முன்னாடியே விட்டுட்டா வராது."

அவளுக்குக் கோபம்தான் வந்தது. அந்தப் பக்கத்தைக் கிழித்து உருட்டி எறிந்தாள். தட்டில் சோறும் பீன்ஸும் போட்டு மகள் முன்னால் நகர்த்தினாள். "சாப்பிடு. ஒரு பருக்கை மிஞ்சக்கூடாது."

"நீ சாப்பிட்டா நானும் சாப்பிடறேன்."

கணவன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான். பாதி கழற்றியபடியே நின்றுவிட்டான். அவள் கரண்டியில் நாலு பீன்ஸ் துண்டு எடுத்தாள். வாய்வரை கொண்டுபோனாள். நாலு டன் பாரத்தைக் கையளவு இடத்தில் பிசகாமல் இறக்கி வைக்கிற கை, நாலு துண்டுக் காயைத் தூக்க முடியாமல் ஆடியது. கரண்டியைத் தட்டில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். அன்று சாயங்காலச் சோறும் அவளுக்கு இறங்கவில்லை.

மறுநாள் காலை ஏணியில் பாதி தூரம் ஏறும்போதே கண்ணுக்கு முன்னால் பூச்சி பறந்தது. ஏணியின் இடையே இருந்த ஓர் இரும்புத் தட்டில் நின்று மூச்சு வாங்கிவிட்டு ஏறினாள். கேபினில் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. அங்கே உட்கார்ந்தால் எப்போதுமே கொஞ்சம் சரியாகிவிடும்.

அன்றைக்கு ஒன்பதாவது மாடிக்குச் சுவர்கள். தொழிற்சாலையில் வார்த்துக் கொண்டுவந்த கான்கிரீட் சுவர்கள், ஒவ்வொன்றும் மூன்று டன். அவள் தூக்கிக்கொண்டுபோய் நிறுத்த வேண்டும். அங்கே ஆட்கள் சாய்வாக முட்டுக்கம்பி கொடுத்து போல்ட் முடுக்குவார்கள். எல்லா முட்டும் முடுக்கி முடியும்வரை கொக்கி சுவரைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பாரம் தொங்கும்போது ஓட்டுநர் இடத்தைவிட்டு எழுந்திருக்கக் கூடாது. வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லிக்கொடுக்கும் சட்டம் அது.

ஒன்பதாவது மாடியில் ரேடியோவோடு நின்று அவளுக்குத் திசை சொன்னவர் சிக்னல்காரர். ஐம்பதைத் தாண்டியவர், முழங்கால் வலிக்காரர், எல்லோருக்கும் சிக்னல் அண்ணன். கிரேன் ஓட்டுகிறவளுக்கு அவர்தான் கண்.

மூன்று சுவர்கள் ஒழுங்காகப் போயின. நான்காவது சுவர் நின்று, முதல் முட்டு மாட்டும்போது, அடிவயிற்றில் ஒரு கை உள்ளே புகுந்து முறுக்குவதுபோல இருந்தது.

முதலில் அவள் அதை நம்பவில்லை. வெறும் வயிறு. முந்தாநாள் சாயங்காலத்துக்கு அப்புறம் உள்ளே ஒரு பருக்கை போகவில்லை. நோட்டில் எழுதுவதற்கே ஒன்றும் இல்லை. பாலா, மிளகாயா, கோதுமையா, யார் மேல் பழி போடுவது? உள்ளே யாருமே இல்லாத வீட்டில் சண்டைச் சத்தம் கேட்டது.

இரண்டாவது முறுக்கு வந்தது. நெற்றியில் வியர்த்தது. ரேடியோப் பொத்தானை அமுக்கினாள்.

"அண்ணே, இன்னும் எவ்வளவு நேரம்?"

"ரெண்டு முட்டு போட்டாச்சும்மா. மூணாவதுக்கு ஓட்டை பொருந்த மாட்டேங்குது. அரை விரக்கடை தள்ளியிருக்கு. ஒரு பத்து நிமிஷம் பிடிச்சுக்கோ."

"பத்து நிமிஷம் முடியாதுண்ணே."

"ஏன், மேல காத்தா?"

"காத்து இல்ல." அவள் கண்ணை இறுக்கி மூடித் திறந்தாள். "எனக்குத்தான். வயிறு. அவசரம்."

அந்த அலைவரிசையில் முப்பது பேர் இருந்தார்கள். யாரோ பொத்தானை அமுக்கிக்கொண்டே களுக்கென்று சிரித்தது கேட்டது. உடனே அண்ணனின் குரல், அவள் அதுவரை கேட்டிராத குரல்: "லைன்ல சிரிச்சது எவன்டா? செட்டைக் கீழ வைடா."

அப்புறம் மெதுவாக, "தாங்குவியாம்மா?" என்றார்.

சுவருக்கு அடியில் மூன்று பேர் குனிந்து வேலை செய்வது மேலே இருந்து அவளுக்குத் தெரிந்தது. மஞ்சள் தொப்பிகள். ஒருவன் கம்பியைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தான்.

"சுவரு அசையாது. நீங்க வேலையை முடிங்க" என்றாள்.

"இடப்பக்கம் ஒரு நூல் அளவு. ஒரே ஒரு நூல். நிறுத்து."

நகர்த்தினாள். நிறுத்தினாள்.

"இன்னும் ஒரு நூல் கீழ."

இறக்கினாள். அப்போது அது நடந்தது. அவளால் நிறுத்த முடியவில்லை. சூடாக, வேகமாக, தடுக்க வழியில்லாமல். பல்லைக் கடித்துக்கொண்டு கீழே அந்த மூன்று தொப்பிகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. கை மட்டும் கைப்பிடியில் இருந்த இடத்தில் இருந்தது. அண்ணன் சொன்னதைச் சொன்னபடி செய்தது. ஐந்து நிமிஷமோ ஐம்பது நிமிஷமோ, பிறகு எப்போது யோசித்தும் அவளுக்குச் சரியாக நினைவுக்கு வரவில்லை.

"மூணும் முடுக்கியாச்சு. கொக்கி கழட்டியாச்சு. தூக்கிக்கோம்மா."

தூக்கினாள். கொக்கியை உள்ளே இழுத்தாள். காற்று அடித்தால் கிரேன் தானாகத் திரும்பிக்கொள்ளும்படி பிரேக்கைத் தளர்த்திவிட்டாள். எல்லாம் முறைப்படி. அதன்பிறகுதான் கீழே பார்த்தாள். சீட்டில் ரத்தம் நிறையவே இருந்தது.

"அண்ணே, நான் இறங்கணும். தலை சுத்துது. தனியா இறங்க முடியாது."

பதிலுக்கு, டீ நேரத்துக்கு இன்னும் அரை மணி இருக்கும்போதே விசில் ஊதியது. எறும்புப் புற்றில் தண்ணீர் விட்டதுபோல எல்லாரும் டீக் கொட்டகைப் பக்கம் போனார்கள். கிரேனின் அடியில் ஒரு ஆள் இல்லை. கால் மணி கழித்து ஏணியில் ஒருவர் மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது.

"மாடிவீட்டம்மா, நான்தான். கீழ்த் தட்டுல நிக்கிறேன். மேல பார்க்க மாட்டேன். பையைத் தள்ளுறேன், வாங்கிக்கோ."

பைக்குள் நான்கு பாட்டில் தண்ணீர், பழைய துணிகள், ஒரு மழைக்கோட்டு, ஒரு பேண்ட்.

"பேண்ட் என்னோடதுதான். துவைச்சது. சந்தேகப்படாதே."

அவளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது; சிரித்தால் வலித்தது. துடைத்து, மாற்றி, அழுக்கைக் கட்டிப் பையில் போட்டுக்கொண்டு இறங்கினாள். அவளுக்குக் கீழே ஒரு படி முன்னால் அவர் இறங்கினார், தவறினால் தன் மேலேயே விழட்டும் என்பதுபோல. ஒவ்வொரு தட்டிலும் உட்கார்ந்து உட்கார்ந்து, அரை மணி ஆயிற்று. கீழே வண்டி தயாராக நின்றது.

ஆஸ்பத்திரியில் நிறுத்துப் பார்த்தார்கள். நாற்பத்தொரு கிலோ. மூன்று வருஷத்துக்கு முன்னால் ஐம்பத்தாறு. ரத்தம் குறைவு, இரும்புச் சத்து குறைவு. கிருமி ஏதும் இல்லை என்று சோதித்துவிட்டு, ஊசி வழியாக ஸ்டீராய்டு ஏற்றினார்கள். மூன்றாம் நாள் ரத்தம் நின்றது. ஸ்டீராய்டு அவளை உட்கார விடவில்லை. வார்டு நடையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தாள், அகோரமாகப் பசித்தது, பசித்த பசிக்கு எதைத் தின்பது என்று தெரியாமல் சாப்பாட்டுத் தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தாள்.

நான்காம் நாள் உணவு ஆலோசகர் வந்தாள். அவளைவிடச் சின்னவள், ஜலதோஷக்காரி, மூக்கைத் துடைத்துத் துடைத்து மூக்கு சிவந்திருந்தது. கணவன் கொண்டுவந்து வைத்திருந்த நோட்டைப் புரட்டினாள். வெகு நேரம் புரட்டினாள்.

"இவ்வளவு ஒழுங்கா எழுதின நோட்டை நான் பார்த்ததே இல்ல. இதுல மாத்திரை எங்க?"

"அது எதுக்கு? இது சாப்பாட்டு நோட்டு."

"மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?"

பக்கத்தில் கணவன் உட்கார்ந்திருந்தான். அவள் ஜன்னலைப் பார்த்தாள். "ரொட்டி நிறுத்தினப்போ நல்லா இருந்துச்சு. அதனால பாதியா குறைச்சேன். ஒரு வருஷம் இருக்கும்."

கணவன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தான். துடைத்துக்கொண்டே இருந்தான்.

"திட்ட வரல நான்" என்றாள் ஆலோசகர். "வயித்துல ரெண்டு தொந்தரவு இருக்கு. ஒண்ணு புண்ணு பண்றது. இன்னொண்ணு சாப்பாடு பண்றது. புண்ணு நல்லா ஆறியிருக்கும்போதும் சிலருக்குச் சில சாப்பாட்டுல பொருமும், இழுக்கும், ஓடும். உள்ள இருக்கிற உங்களுக்கு ரெண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். வெளிய இருக்கிற எங்களுக்கும் சோதனை பண்ணாத்தான் தெரியும். நீங்க ரெண்டுக்கும் சேர்த்து சாப்பாட்டையே அடிச்சிருக்கீங்க. பாவம், அதுல பாதி நிரபராதியா இருக்கும்."

"அப்போ அன்னைக்கு வெறும் வயித்துல வந்துச்சே?"

"அது புண்ணு. அதுக்கு நீங்க சாப்பிடணும்னு அவசியமே இல்ல. பட்டினி கிடந்தா அது பயந்து ஓடாது. நீங்கதான் மெலிவீங்க. புண்ணு ஆறுறதுக்கே சாப்பாடு வேணும்."

இதமாகத்தான் சொன்னாள். ஆனாலும் அவளுக்கு எங்கிருந்தோ ஆத்திரம் பொங்கியது. "நீங்க சொல்றது சுலபம். உங்க நாற்காலியிலேர்ந்து பாத்ரூம் எட்டு அடி. நான் நாற்பத்தெட்டு மீட்டர் இறங்கணும். சாப்பிடு சாப்பிடுன்னா, எங்க போய்ப் போவேன்?"

ஆலோசகர் தும்மினாள். இரண்டாவது தும்மலுக்குக் காத்திருந்தாள், வரவில்லை.

"அதுக்கு என்கிட்ட பதில் இல்லைங்க. நியாயமான கேள்வி. ஆனா அதை உங்க வயித்துக்கிட்ட கேக்காதீங்க, வேலை கொடுக்கிறவங்ககிட்ட கேளுங்க."

வேலை கொடுக்கிறவர்கள் அவளைக் கேட்டார்கள் முதலில். வீட்டுக்கு வந்த அடுத்த வாரம் பாதுகாப்பு அதிகாரி கூப்பிட்டு அனுப்பினார். வருஷா வருஷம் நிரப்பும் மருத்துவப் படிவத்தை எதிரில் வைத்தார். ‘நீடித்த நோய் ஏதேனும்’ என்ற கேள்விக்கு நேரே மூன்று வருஷமும் ‘இல்லை’.

"நீங்க அன்னைக்குச் சுவரை அசையாம பிடிச்சதைச் சொல்லிச் சொல்லி எல்லாரும் மெச்சுறாங்க. நானும் மெச்சுறேன்" என்றார். "ஆனா ரெண்டு நாள் பட்டினியோட, தலை சுத்துற நிலைமையில, மூணு பேர் தலைக்கு மேல மூணு டன்னை நிறுத்தியிருக்கீங்க. அது ஞாபகம் இருக்கா?"

வெட்கத்தைப் பற்றியே இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தாள். மஞ்சள் தொப்பிகளைப் பற்றி இந்தப் பக்கத்திலிருந்து நினைத்துப் பார்க்கவே இல்லை. அந்த நிமிஷம் நாற்காலியில் கூசிப்போய் உட்கார்ந்திருந்தாள். "சொன்னா வேலை போயிடும்னு பயந்தேன் சார்" என்றாள். அதைத் தவிர வேறு உண்மை இல்லை.

வேலை போகவில்லை. மூன்று மாதம் கிரேன் கிடையாது, டாக்டர் எழுதிக் கொடுத்தபிறகு பார்க்கலாம், அதுவரை கீழே சாமான் கொட்டகையில் இருக்கட்டும் என்றார்கள்.

கொட்டகையில் அவள் எதிர்பார்க்காதது ஒன்று நடந்தது. சிரிப்பார்கள் என்று பயந்து, தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் நாளே கான்கிரீட் மேஸ்திரி ஆணி வாங்க வந்தவர், ஆணியை வாங்கிக்கொண்டு போகாமல் நின்றார். சுற்றுமுற்றும் பார்த்தார். "ஏம்மா, எனக்கு இந்த மூலம்…" என்று ஆரம்பித்தார். மறுநாள் ஒரு வெல்டர் நெஞ்செரிச்சலோடு வந்தான். அதற்கடுத்த நாள் இன்னொருவர் நாலு நாளாகப் போகவே இல்லை என்று முறையிட்டார். ரேடியோவில் ஒரு தடவை வாயைத் திறந்த பாவத்துக்கு அவள் அந்த இடத்துக்கே வயிற்று டாக்டர் ஆகிவிட்டாள். கூடவே ஆளுக்கொரு வைத்தியமும் கொண்டுவந்தார்கள். இதைக் குடி, அதை நிறுத்து, என் மச்சான் இப்படித்தான் குணமானான் என்று. முன்பென்றால் எல்லாவற்றையும் நோட்டில் ஏற்றியிருப்பாள். இப்போது, "சரிண்ணே, டாக்டரைக் கேட்டுச் சொல்றேன்" என்று ஆணியை எண்ணிக் கொடுத்து அனுப்பினாள்.

வீட்டில் சாப்பாட்டு மேசையில்தான் நிஜமான போராட்டம். ஆலோசகர் சொன்ன முறை இது: மாத்திரையில் கை வைக்கக் கூடாது, சோதனையில் புண் அடங்கியது தெரிந்தபிறகு, ஒரு சமயத்தில் ஒரே ஒரு பழைய சாமானைத் திரும்பக் கூப்பிட வேண்டும், கொஞ்சமாக ஆரம்பித்து மூன்று நாள் பார்க்க வேண்டும், ஒரு நாள் வலித்தது என்று தூக்கில் போடக் கூடாது.

மகளை அவள் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். "அத்தை சொன்னது பாதிதான் சரி. சில வீட்டுல வரும், நிறைய வீட்டுல வராது. உனக்கு இப்போ ஒண்ணும் இல்ல. சாப்பிடாம இருந்தா அது வராதுன்னு யாரும் சொல்ல முடியாது. நான் அப்படி நினைச்சு என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல?"

"ஆஸ்பத்திரிக்குப் போன."

"அதான்."

"சரி. ஆனா முதல்ல நீ."

முதலில் பால். அரை டம்ளர். குடித்துவிட்டு மணியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஒரு குமிழ் நகர்ந்தால் போதும், உள்ளங்கை வேர்த்தது. எழுந்து நடந்தாள். உட்கார்ந்தாள். மகள் எதிரில் பால் மீசையோடு இரண்டாவது டம்ளர் குடித்துக்கொண்டிருந்தாள். மூன்று நாள் ஆயிற்று, ஒன்றும் ஆகவில்லை. பால் மேல் எந்தக் குற்றமும் இல்லை. மூன்று வருஷம் சும்மா பழி சுமந்திருக்கிறது. அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். வந்தது எரிச்சல். எத்தனை டம்ளர் போயிற்று என்று.

முட்டை ஒத்துக்கொண்டது. ரொட்டி ஒத்துக்கொண்டது. வெங்காயம் இரண்டு தடவையும் வயிற்றைக் கெடுத்தது. மூன்றாவது தடவை அவளே போதும் என்று விட்டுவிட்டாள். பீன்ஸ் விஷயம் இன்னும் தீரவில்லை. கொஞ்சம் என்றால் சரி, கொஞ்சத்துக்கு மேல் என்றால் ராத்திரிவரை பொருமுகிறது. நடுவில் ஒரு வாரம், காரணமே புரியாமல், நாளைக்கு ஐந்து தடவை ஓடினாள். பயத்தில் மூன்று நாள் மறுபடி வெறும் சோற்றுக்குப் போனாள். கணவன் காலையில் போன் செய்து டாக்டரிடம் நேரம் வாங்கிவிட்டு, "பத்தரைக்கு, கிளம்பு" என்றான். சோதனையில் புண் அடங்கியே இருந்தது. ஏன் ஓடியது என்று டாக்டருக்கும் சொல்லத் தெரியவில்லை. "சில சமயம் இப்படி இருக்கும்" என்றார். அந்தப் பதில் அவளுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் வேறு பதில் இல்லை என்பதும் தெரிந்தது.

மருத்துவச் சான்றிதழோடு போனபோது, பாதுகாப்பு அதிகாரியிடம் அவள் ஒரு காகிதம் கொடுத்தாள். கணவன் ஆபீஸ் தமிழில் எழுதியதைக் கிழித்துப்போட்டு, தானே எழுதியது. கிரேன் தூணிலிருந்து கட்டடத்தின் ஏதாவது ஒரு மாடிக்கு நடைபாலம் வேண்டும். அந்த மாடியில் ஒரு கழிப்பறைப் பெட்டி வேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை மாற்றிவிட இன்னொரு ஓட்டுநர் வேண்டும். "இதெல்லாம் எனக்கு மட்டும் இல்ல சார். மத்த ஓட்டுநருங்க பாட்டிலைத் தூக்கிக்கிட்டு ஏறுறாங்க. உங்களுக்குத் தெரியும்."

அவர் காகிதத்தை இரண்டு தடவை படித்தார். முடியாது என்று சொல்லவில்லை, பார்க்கிறேன் என்றார். ஆறு வாரம் பார்த்தார். அந்த ஆறு வாரமும் அவள் கொட்டகையில் ஆணி எண்ணினாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் போய், "என்ன ஆச்சு சார்?" என்று கேட்டாள்.

கடைசியில் அதே கம்பெனியின் வேறொரு கட்டடத்தில் இடம் கொடுத்தார்கள். ஆறாவது மாடிக்கு நடைபாலம் போட்டிருந்தார்கள்; நாலு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம். சில நாள் நாலு நிமிஷமும் போதாதுதான். அதற்கு மாற்றுத் துணிப் பை ஒன்று கேபினிலேயே இருந்தது. மாற்று ஓட்டுநராக வந்தவர் சர்க்கரை வியாதிக்காரர். அவருக்கும் நேரத்துக்குச் சாப்பிட வேண்டும், நேரத்துக்குப் போக வேண்டும். "ரெண்டு நோயாளி சேர்ந்து ஒரு கிரேன் ஓட்டுறோம்" என்று அவரே எல்லாரிடமும் சொல்லிச் சிரிப்பார். ஆனால் அவர் குறை சொல்லாத நாள் கிடையாது.

இரண்டாவது வாரம் புதன்கிழமை, அவள் காலை முறையை முடித்துக் கேபினை ஒப்படைத்தபோது, அவர் உள்ளே தலையை நீட்டி மூக்கைச் சுளித்தார்.

"என்னம்மா இது, கேபின் பூரா முட்டை நாத்தம்?"

"ரெண்டு முட்டை சாப்பிட்டேன்."

"இங்க உக்காந்தா?"

"வேற எங்க உக்காந்து சாப்பிட? பசிச்சுது."

"ஜன்னலைத் திறந்து வச்சுச் சாப்பிடக் கூடாதா? மனுஷன் மூச்சு விட வேண்டாமா?"

"காத்து மணிக்கு முப்பது கிலோமீட்டர்ல அடிக்குது. முட்டை பறந்துடும்" என்று சொல்லிவிட்டு அவள் ஏணியில் இறங்க ஆரம்பித்தாள். வயிற்றில் ஏதோ லேசாக நகர்ந்தது. நின்று கவனித்தாள். வலியா, வெறும் காற்றா என்று தெரியவில்லை. மேலே அவர் ஜன்னலைத் தள்ளித் திறக்கிற சத்தம் கேட்டது. அவள் அடுத்த படியில் காலை வைத்தாள்.